லைஃப் ஜாக்கெட் விஷயமாக

அப்பா,

சாப்பாடு அடுப்பு மேல் இருக்கிறது, சுடவைத்துச் சாப்பிடுங்கள். மூன்று மணிக்கு பிளம்பர் வருவார். வெளியே போனால் சாவியை மாடி வீட்டு அக்காவிடம் கொடுங்கள்.

இரண்டு நாளாக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிகிறேன். நேரில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

என்னைக் கேட்காமல் நீங்கள், ஆபீஸ் டூரில் நாங்கள் தங்கப்போகும் அந்தத் தீவு ஓட்டலுக்கு போன் பண்ணியது தப்புதான். "லிஃப்ட் மெக்கானிக் பேசுறேன் சார். உங்க கடல் எத்தனை அடி ஆழம்? என் பொண்ணுக்கு நீச்சல் தெரியாது, பாத்துக்குங்க" என்றிருக்கிறீர்கள். 'தந்தையின் வேண்டுகோள்படி ஒரு லைஃப் ஜாக்கெட் எடுத்து வைத்திருக்கிறோம்' என்று அவர்கள் என்னோடு வரும் நாலு பேருக்கும் மெயில் அனுப்பிவிட்டார்கள். ஆபீஸே சிரித்தது.

அதற்காக, "படிக்காத ஆளுக்கு எதுக்கு இந்த வேலை?" என்று உங்களைக் கேட்டேனே, அந்த நாக்கை என்ன செய்வது? நீங்கள் சொன்னது உண்மை. நீச்சலில் நான் புலி என்று ஆபீஸில் அளந்துவிட்டவள் நான்தான்.

வெள்ளிக்கிழமை கிளம்புகிறோம்.

பி.கு. முட்டைக் குழம்பில் உப்பு கம்மி, போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. ஜாக்கெட் வேண்டாம் என்று அன்றைக்கே வீம்புக்கு ஓட்டலுக்கு எழுதிவிட்டேன். இப்போது படகில் ஏறவே பயமாக இருக்கிறது. இன்னொரு தடவை போன் பண்ணுங்களேன், அப்பா. லிஃப்ட் மெக்கானிக் பேசுகிறேன் என்றே ஆரம்பியுங்கள்.