இரண்டாம் பாகம் சுலபமாக இருந்தது

அன்புள்ள மூத்தவளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நாங்கள் நான்கு பேரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு நிம்மதியாகத் தூங்கி எழுந்துகொண்டிருந்தால் அதுவே எனக்குப் போதும். போனில் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று அம்மாவிடம் குறைபட்டுக்கொண்டாயாம். கோபம் ஒன்றும் இல்லையம்மா, நம் வீட்டில் ஓர் அறையில் முணுமுணுத்தால் மற்ற அறைக்குக் கேட்கும், அதனால்தான் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். எதிரே ஒரு ஃபிரிட்ஜ் பின்பக்கம் கழற்றியபடி நிற்கிறது, யாரும் வரவில்லை, எழுத நேரம் இருக்கிறது.

தம்பியும் பாப்பாவும் ஒன்றாகப் பிறந்தது போல ஒன்றாகவே கல்லூரிக்கான நுழைவுத்தேர்வை எழுதினார்கள் என்று உனக்குத் தெரியும். உன் காலத்தில் தாளில் பென்சிலால் வட்டத்தை நிரப்பிவிட்டு வந்தாய், இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில்தான், மொழி ஒன்று கணக்கு ஒன்று, ஒவ்வொன்றும் இரண்டு பாகம். பாப்பா கட்டடம் வரைகிற படிப்புக்குப் போக வேண்டும் என்று ஒரு வருஷமாக மற்ற எதையும் ஏறெடுத்துப் பார்க்காமல் படித்தவள். தம்பியைத்தான் உனக்குத் தெரியுமே, புத்தகத்தைத் தலைக்கு வைத்துப் படுத்தால் பாடம் தானாக மண்டையில் ஏறும் என்று நம்புகிற ஆள். அன்றைக்கு வாசலில் நானும் அம்மாவும் காத்துக்கொண்டிருந்தோம். பாப்பா முதலில் வந்தாள், முகமெல்லாம் சிரிப்பு, கணக்குல முதல் பாகம்தான்ப்பா கொஞ்சம் இழுத்துடுச்சு, ரெண்டாவது பாகம் ரொம்ப ஈஸி, ஊதித் தள்ளிட்டேன் என்றாள். பின்னாலேயே தம்பி பேயறைந்த மாதிரி வந்து, ரெண்டாவது பாகத்துல கேட்டதெல்லாம் எந்த ஊர்க் கணக்குன்னே தெரியலப்பா, போச்சு என்றான். அம்மா பஸ்ஸில் அவன் முதுகைத் தடவிக்கொண்டே வந்தாள், பாப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து வழி நெடுகப் பேசினாள், உனக்கும் அன்றைக்கே போன் செய்து பாப்பா ஜெயித்துவிட்டாள் என்று சொன்னோம், நீயும் சந்தோஷப்பட்டாய்.

அதற்கடுத்த வாரம் ஒரு டியூஷன் சென்டரில் ஏசி ஓடவில்லை என்று கூப்பிட்டார்கள். வேலை முடிந்து கை கழுவும்போது அங்கே கணக்கு எடுக்கிற மாஸ்டரிடம் பெருமை தாங்காமல், எங்க பொண்ணுக்கு ரெண்டாவது பாகம் ரொம்ப ஈஸியா இருந்துச்சாம் சார் என்றேன். அவர் டீயைக் கீழே வைத்துவிட்டார். முதல் பாகத்துல எப்படிப் போடறாங்கன்னு கம்ப்யூட்டர் பாத்துக்கும்ங்க, நல்லாப் போட்டவங்களுக்கு ரெண்டாவதைக் கஷ்டமாக் குடுக்கும், தடுமாறினவங்களுக்குச் சுலபமாக் குடுக்கும், சுலபமானதை எவ்வளவு சரியாப் போட்டாலும் மார்க் ஒரு அளவுக்கு மேல ஏறாது என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, எல்லாருக்கும் அப்படின்னு சொல்லிட முடியாது, கஷ்டமானதே சில பிள்ளைங்களுக்குச் சுலபமாத் தெரியும் என்றும் சேர்த்துக்கொண்டார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு வீடு வந்தேன். பாப்பா சாப்பாட்டு மேசையில் எந்தக் கல்லூரியில் விடுதி நன்றாக இருக்கிறது என்று போனில் பார்த்துக்கொண்டிருந்தாள், என்னையும் கூப்பிட்டுக் காட்டினாள், நானும் பார்த்தேன். அம்மாவிடம் சமையலறையில் சொன்னபோது அடுப்பை அணைத்துவிட்டு, எழுதினதை இனிமே யார் மாத்தறது, வர்ற வரைக்கும் அவ சிரிச்சுட்டு இருக்கட்டுமே என்றாள். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. ஏசிக் குழாயிலிருந்து கசிகிற குளிர்ந்த கேஸ் விரலில் பட்டால் முதலில் மரத்துத்தான் போகும், வலி பிறகுதான் வரும், நான் எத்தனை தடவை பட்டிருக்கிறேன். இந்த விஷயத்தில் இன்னும் வலி வந்து சேரவில்லை. கடைக்குப் போகிறேன், வருகிறேன், சாப்பிடுகிறேன், என்ன சாப்பிட்டேன் என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

முடிவு ஒரு காலை நேரத்தில் இருவர் போனுக்கும் வந்தது. தம்பிக்குத் தொண்ணூற்றாறு, பாப்பாவுக்கு ஐம்பத்தொன்று. இது மார்க் இல்லையாம், எழுதினவர்களை நூறு பேராக வைத்துக்கொண்டால் நமக்குப் பின்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்கிற கணக்காம், தம்பிதான் தலையைத் தூக்காமல் எனக்கு விளக்கினான். பாப்பா அழவில்லை. அப்போ எனக்கு முன்னாடி நிக்கிறவங்கள்ல ஒருத்தன் எங்கூடவே உக்காந்து சாப்பிடறான் என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள். தம்பி தட்டை நகர்த்திவிட்டு எழுந்துவிட்டான். அன்று முதல் அவன் ஜெயித்ததை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, அவனும் செய்யக்கூடாததைச் செய்துவிட்டவன் போல நடமாடுகிறான், பாவம், அவன் என்ன செய்வான்.

சில நாள் கழித்து நான் செருப்பு மாட்டும்போது பாப்பா வந்து நின்றாள். உங்களுக்கு முன்னாடியே தெரியும் இல்ல, அந்த சென்டர்ல ஏசி பாத்துட்டு வந்த நாள்லேர்ந்து நீங்க என் முகத்தையே பாக்கல என்றாள். தலையாட்டினேன். அம்மாவுக்கும் தெரியுமா என்றாள். அதற்கும் தலையாட்டினேன். அப்போ அத்தனை நாளும் இந்த வீட்டுல நான் ஒருத்திதான் ஒண்ணும் தெரியாம சிரிச்சுட்டு இருந்திருக்கேன் என்றாள். குரல் உயரவே இல்லை. கடைக்குப் போகிற வழியில் திருப்பத்தை விட்டுவிட்டு வெகுதூரம் போய்விட்டேன்.

இப்போது அவளாகவே மறுபடி எழுதப் பெயர் கொடுத்திருக்கிறாள். எத்தனை தடவை எழுதினாலும் நல்லதை மட்டும் அனுப்பினால் போதும் என்று சில கல்லூரிகளில் சொல்கிறார்களாம், சில இடத்தில் இந்தத் தேர்வையே கேட்பதில்லை, பள்ளி மார்க்கும் அவள் வரைந்து வைத்த படங்களும் போதுமாம். நான் மாஸ்டரிடம் கேட்டு வந்து சொல்லட்டுமா என்றதற்கு, நானே கேட்டுக்கறேன்ப்பா என்று சொல்லிவிட்டாள். இரண்டாம் பாகம் சுலபமாக வந்தால் என்ன அர்த்தம் என்று இனி அவளுக்கும் தெரியும், அதைத் தெரிந்துகொண்டே அந்த நாற்காலியில் உட்காரப் போகிறாள். அதை நினைத்தால்தான் எனக்கு என்னவோ போல் இருக்கிறது.

நீ இந்தப் பக்கம் போன் செய்யும்போது தம்பியிடம் நன்றாக எழுதினாய் என்று மனதாரச் சொல், அதை அவனிடம் சொல்ல இங்கே எங்களுக்கு நாக்கு எழவில்லை. பாப்பாவிடம் எல்லாம் சரியாகிவிடும் என்று மட்டும் சொல்லிவிடாதே. நேற்று அவள் என் சாப்பாட்டுப் பையைக் கையில் கொடுத்துவிட்டு, இனிமே என்னைப் பத்தி எது தெரிஞ்சாலும் முதல்ல எங்கிட்ட சொல்லுங்க என்றாள். சரி என்று சொல்லியிருக்கிறேன். நீயும் சொல்லியதாக வைத்துக்கொள்.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. நீங்கள் இருவரும் எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும்.

உன் அப்பா