நம் வாசலில் மட்டும் குவிந்த பனி

ஹௌகன் பண்ணை,
நார்வே.
பிப்ரவரி 3

அன்புள்ள தம்பி எய்வினுக்கு,

இங்கே நான் நலம். நீயும் நூரியாவும் குழந்தை இரேனேயும் ஸ்பெயின் வெயிலில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை நான் பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிட்டாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது. வைத்தாலும் மேசைமேல் கிடந்து உன்னைப் பார்த்துக்கொண்டே இருக்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் செய்தி. அப்பாவுக்கு இதய அறுவைச் சிகிச்சை பதினெட்டாம் தேதி, ட்ரொண்ட்ஹெய்மில். டாக்டர் அம்மா ஒளிவுமறைவு இல்லாமல் பேசினார். "வயசாயிடுச்சு, இதயமும் ரொம்பக் களைச்சிருக்கு. நல்லபடியா வருவார்னு நம்பலாம், ஆனா உறுதி சொல்ல மாட்டேன்" என்றார். உன்னைக் கூப்பிடும்படி அப்பா என்னிடம் சொல்லவில்லை. "அவனுக்கு அங்க ஆயிரம் வேலை இருக்கும், தொந்தரவு பண்ணாதே" என்றுதான் சொன்னார். ஆகவே இந்தக் கடிதம் முழுக்க முழுக்க என் திமிர்.

போனில் நீ என்ன சொன்னாய்? "பனி நாள்னா எனக்கு ஜன்னல்தான் ஞாபகம் வருது அக்கா. ஊர்ல எல்லா அப்பனும் வீட்ல இருப்பான், நம்ம அப்பா மட்டும் ரோட்ல இருப்பார். நமக்காக ஒரு நாள் நிக்காத மனுஷனுக்காக நான் ஏன் ஓடி வரணும்?" என்றாய். ஊர்ப் பனியை எல்லாம் தள்ளிவிட்டு, சொந்த வாசலில் மலை மாதிரி குவித்துவிட்டுப் போனவர் என்றும் சொன்னாய்.

கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்னும் ஆறவில்லை. உன் வருத்தத்தை நீ வைத்துக்கொள். என் சிறுவயதைத் திருத்தி எழுத உனக்கு உரிமையில்லை.

ஆமாம், புயல் அன்று அவர் இல்லை. பனி தள்ளும் லாரியை ஓட்டுகிறவர் புயல் அன்று வீட்டில் எப்படி இருப்பார்? மலைச்சாலை அடைபட்டால் பள்ளிப் பேருந்து வராது, பனி நாள் விடுமுறை என்று பிள்ளைகளுக்கெல்லாம் கொண்டாட்டம். அவர் முன்னால் பனியைத் தள்ளிக்கொண்டு போக, பின்னால் கார்கள் ஒட்டிக்கொண்டே வரும். ஊரிலிருந்த மற்ற அப்பாக்கள் வீடு வந்து சேர்ந்ததே அவர் பின்னால்தான்.

ஆனால் நம் வீட்டுப் பனி நாள் அன்றைக்கு இல்லையடா, மறுநாள். அதை எப்படி மறந்தாய்? சாலை திறந்துவிடும், பேருந்து வந்து ஹாரன் அடிக்கும். அம்மா ஏப்ரனோடு வெளியே போய், "நீங்க கிளம்புங்க, எங்க வீட்ல இன்னைக்குத்தான் பனி நாள்" என்பாள். ஒருமுறை தலைமையாசிரியர் போன் செய்து அதட்டினார். "நேத்து நீங்க உங்க பிள்ளைங்களோட இருந்தீங்கல்ல? எங்க வீட்டு மனுஷன் இன்னைக்குத்தான் வந்திருக்கார். என் பிள்ளைங்க அவரோடதான் இருக்கும். நீங்க என்ன வேணா எழுதிக்குங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். நான் பக்கத்தில் நின்று கேட்டேன். அம்மாவைப் போல் ஓர் அழகி உலகத்திலேயே இல்லை என்று நினைத்தேன். அம்மா போய்ச் சேர்ந்த பிறகும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அப்பா சமையலறை பெஞ்சில் பூட்ஸோடு சாய்ந்திருப்பார். ஆளுக்கொரு காலைப் பிடித்து இழுப்போம். பூட்ஸ் கழன்று நீ விறகுக்கூடையில் போய் விழுவாய். அரிசிப் பால்கஞ்சியில் போட்ட வெண்ணெய் உருகுவதற்குள் அவர் தூங்கிவிடுவார். எழுப்பக்கூடாது என்பது அம்மாவின் கட்டளை. நீ கட்டளைக்கு அடங்குகிற பிள்ளையா? மூக்கைப் பிடிப்பாய். அவர் கண்ணைத் திறக்காமலே உன்னை மடியில் இழுத்துப் போட்டுக்கொள்வார். பிறகு அப்பனும் பிள்ளையும் சேர்ந்து குறட்டை. ஒரே ஒரு பகல்தான் கிடைக்கும். கொஞ்சம் என்று சொல், ஒப்புக்கொள்கிறேன். இல்லவே இல்லை என்று சொன்னால் உன்னை விட மாட்டேன்.

இனி அந்த வாசல் பனிக்கு வருகிறேன். போன அக்டோபரிலிருந்து அப்பாவின் தடத்தில் நான்தான் லாரி ஓட்டுகிறேன். அதைச் சொல்ல வாயெடுத்தபோதுதான் நீ போனை வைத்தாய். ஓட்டத் தொடங்கிய பிறகு எனக்கு ஒன்று புரிந்தது. ஒரு வாசலை அடைக்காமல் கடந்து போவது சுலபம், முன்னால் இருக்கும் தகட்டைக் கொஞ்சம் திருப்பினால் போதும். ஓரிடத்தில் அவ்வளவு பனியைக் குவிப்பதுதான் கஷ்டம். லாரியைத் திரும்பத் திரும்பப் பின்னால் எடுத்து மெனக்கெட வேண்டும். அப்பாவைக் கேட்டேன். மனுஷன் வெட்கப்பட்டார். "பசங்க குடைஞ்சு விளையாட வேணாமா? அக்கம்பக்கத்துப் பனியையும் சேர்த்துத் தள்ளிட்டு வருவேன். உங்கம்மாகிட்ட வாங்காத திட்டா!" என்றார்.

இரேனேவைத் தூங்கவைக்க நீ ஒரு பனிக்குகைக் கதை சொல்வாயே, உள்ளே மெழுகுவத்தி, சூடான வாஃபிள், கையுறையெல்லாம் ஜாம் என்று? அந்தக் குகை வானத்திலிருந்து விழுந்தது என்றா நினைத்தாய்? இரவெல்லாம் கண்விழித்த மனுஷன், வீட்டுக்குள் கால் வைப்பதற்கு முன்னால் உனக்காகக் கொண்டுவந்து கொட்டியது அது.

மற்றபடி இங்கே எல்லாம் வழக்கம் போலத்தான். கூரை ஒழுகியது, சரிசெய்தாயிற்று. உன் அறையில் ஹீட்டர் மாற்றியிருக்கிறேன்.

பனி அள்ளும் வேலையை அப்பா தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நேற்று நான் வேலை முடிந்து வந்து பார்த்தால், கொட்டகைக்குப் பக்கத்தில் மூச்சு வாங்க அள்ளிக்கொண்டு நிற்கிறார். சண்டை போட்டேன். "ஒரு கார் நிக்க இடம் வேணும்ல" என்றார். நம் வீட்டுக்குக் காரில் யார் வருகிறார்கள்? நீ வந்தால்தான் உண்டு. மண்வெட்டியைப் பிடுங்கி மீதியை நானே அள்ளி முடித்தேன்.

மன்னித்துவிட்டு வா என்று உன்னிடம் கெஞ்ச மாட்டேன். உன் கோபத்தையும் பெட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு வா. அவர் முகத்தைப் பார்த்தே திட்டு, நான் குறுக்கே வர மாட்டேன். உங்கள் மூவரையும் கடவுள் ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும். திட்டுவதற்கு அவர் இருக்கும்போதே வந்துவிடு.

இப்படிக்கு,
விட்டுக்கொடுக்காத உன் அக்கா,
இங்கேர்ட்