இண்டைக்கு மட்டும் மடிச்சு வை

வாசலடியில் சாத்தி வைத்திருந்த என் வெள்ளைத்தடியைக் காலையில் காணவில்லை. சப்பாத்துகளுக்கு நடுவே தடவிப் பார்த்தேன், கோட்டுகளுக்குப் பின்னால் தேடினேன். "காருக்குள்ள வைச்சிட்டன் பிள்ளை," என்றார் குசினியில் சமைத்துக்கொண்டிருந்த அம்மா. "இண்டைக்கு மட்டும் மடிச்சபடி கிடக்கட்டும். அக்காவைப் பாக்க ஆக்கள் வருகினம்."

அலுமாரியைத் திறந்து, உடுப்புகளுக்கு அடியில் கிடந்த உன் தடியை எடுத்துக்கொண்டு கட்டிலில் இருந்துவிட்டேன். நாலாக மடிந்து, அதன் இலாஸ்டிக்கால் கட்டியபடியே இருக்கிறது. கைபிடியில் நீ குளிருக்குப் பூசும் கிறீம் வாசம் இன்னும் போகவில்லை. நீ போன பிறகு நடந்த அந்தியேட்டிச் சடங்கன்று உன் அம்மா இதை என் மடியில் வைத்துவிட்டு எழுந்து போனார். அன்றிலிருந்து நான் இதை விரித்ததில்லை.

தடி பிடித்து நடக்கப் பழக்கும் வகுப்பில்தானே நாம் சந்தித்தோம். நீ பிறவியிலேயே பார்வையில்லாதவள். எனக்குப் பார்வை சுருங்கத் தொடங்கியிருந்த காலம் அது. அப்பார்ட்மென்ட் கதவுத் துவாரத்தால் பார்ப்பதுபோல நடுவில் மட்டும் கொஞ்சம் தெரிகிறது என்று அழுதேன். "நடுவில தெரியுதெல்லோ, பிறகென்ன டிராமா?" என்றாய். அன்றே உன்னைப் பிடித்துப்போனது. நாம் இருந்த மல்வேர்னிலிருந்து கல்லூரிக்கு ஒன்றாக பஸ் ஏறினோம். பனி குவிந்த நடைபாதையில் நீ முன்னால் தட்டிக்கொண்டு போவாய், அரைக் கண் உள்ள நான் உன் பின்னால் வருவேன். "கண் தெரிஞ்ச ஆளே, மெதுவா வா," என்று நக்கல் வேறு. படித்து முடித்து, வேலை தேடி, ஆளுக்கொரு அறை எடுத்து இருப்போம் என்பதுதான் நம் திட்டம்.

கலியாண வீடுகளில் நம்மைச் சுவரோரம் இருத்தி றோல்ஸ் தட்டைக் கையில் தந்துவிடுவார்கள். படம் எடுக்கும்போது மறந்துவிடுவார்கள். வளையல் சத்தத்தை வைத்தே எந்த அன்ரி போகிறார் என்று நீ சொல்வாய், ஒருநாளும் பிழை விட்டதில்லை. ஒருமுறை மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாய்: "கண் இல்லாமல் வாழப் பழகிட்டனடி. ஒளிச்சு வாழத்தான் ஏலாமல் கிடக்கு."

பிறகு உன் அண்ணாவின் நிச்சயதார்த்தம் வந்தது. மில்லிக்கனில், கடைகள் நிறைந்த பிளாசா ஒன்றின் பின்பக்கத்து மண்டபம். கண் தெரியாதது பரம்பரை வருத்தம் என்று பெண் வீட்டார் நினைத்துவிடுவார்களோ என்று உன் அம்மாவுக்குப் பயம். "இண்டைக்கு மட்டும்," என்று அவரும் சொன்னாராம். தடி காரிலேயே கிடந்தது. பின்னேரம் எனக்குப் போன் எடுத்தாய். உள்ளே பாட்டுச் சத்தம் காதை அடைக்கிறது, ஆர் எங்கே நிற்கிறார்கள் என்றே விளங்கவில்லை என்றாய். "வெளியால வந்திட்டன். காரடிக்குப் போய்த் தடியை எடுக்கப்போறன்." உன் மூச்சும், பனி உருகத் தூவிய உப்புக்கல் சப்பாத்துக்குக் கீழே நொறுங்குவதும் எனக்குக் கேட்டன. யாரோ பின்னுக்கு எடுத்த காரின் சத்தம் எனக்கும் கேட்கவில்லை, உனக்கும் கேட்கவில்லை.

"வடிவாச் சாறி உடுத்து, நிமிர்ந்து நடந்து வந்தவா. என்னைக் காணுறா எண்டு நினைச்சன்," என்று காரோட்டியவர் அழுதாராம். அவரை என்னால் குற்றம் சொல்ல முடியவில்லை. அப்படித் தெரியவேண்டும் என்றுதானே உன்னை உடுத்திக் கூட்டிப்போனார்கள்.

உன் செத்தவீட்டில் எல்லோரையும்விட உரத்து அழுதவர் என் அம்மாதான். "தடி கையில இருந்திருந்தா பிள்ளை இண்டைக்கும் இருந்திருக்கும்," என்று உன் அம்மாவின் காதில் விழும்படியே சொன்னார். அதே வாய்தான் இன்று காலை குசினியிலிருந்து பேசியது. எனக்குக் கோபத்தைவிடப் பயம்தான் கூட. அம்மா கெட்டவரல்ல. உன் அம்மாவும் கெட்டவரல்ல. இருவருமே அன்பாகத்தான் சொன்னார்கள்.

மாப்பிள்ளை வீட்டார் விட்பியிலிருந்து வெளிக்கிட்டுவிட்டார்களாம். சந்திப்பு அதே பிளாசாவில், அந்த மண்டபத்துக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக்கடையில். வெளியே விடிந்ததிலிருந்து பனி கொட்டுகிறது. உன்னிடம் சொல்லி அழுத அந்தத் துவாரமும் இப்போது இன்னும் சிறுத்துவிட்டது. கார்கள் நிற்கும் இடத்தில் பக்கத்தால் வரும் எதுவும் எனக்குத் தெரியாது. சற்று முன் அக்கா அறைக்கு வந்தாள், என் மடியில் தடியைக் கண்டு நின்றாள். சாறிக்கு ஊசி ஒன்றை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இலாஸ்டிக்கைக் கழற்றிவிட்டேன். துண்டுகள் டக் டக்கென்று தாமாகவே பொருந்தி, உன் தடி என் கையில் நேராக நிற்கிறது. நீ என்னைவிட உயரம், அதனால் எனக்கு இது கொஞ்சம் நீளம்தான். பரவாயில்லை, பிடித்துக்கொள்வேன்.

சத்தம் குசினிக்கும் கேட்டிருக்க வேண்டும். அம்மாவின் வளையல்கள் நின்றுவிட்டன. இப்போது அவை என் அறையை நோக்கி வருகின்றன. தடியை நான் கீழே வைக்கவில்லை.