இரண்டாவதாக ஊதியது

மில்வாக்கி,
பிப்ரவரி, செவ்வாய்

அன்புள்ள கேஸ் அண்ணனுக்கு,

பெர்னடீன் எழுதுகிறேன். நான் நலம், என் கோபமும் நலம். உன் ஊர் ஏரி உறைந்துவிட்டதா? பனிக்கட்டியில் துளை போட்டு மீன் பிடிக்கிறேன் என்று தனியாகப் போய் உட்காராதே.

உன் கடிதம் கிடைத்தது. "என் பழைய டிராம்போனுக்காக வேலைய விட்டுடாத பெர்னி, அத வித்துத் தொல" என்று எழுதியிருக்கிறாய். நல்ல புத்திமதி! ஊதும்போது உன் உதடு சொன்ன பேச்சைக் கேட்காமல் போன வருடம், அந்தப் பித்தளைப் பேஸ் டிராம்போனைப் பெட்டியோடு என் மடியில் வைத்துவிட்டுப் போனவன் யார்? அன்றிலிருந்து ஆர்கெஸ்ட்ராவில் உன் நாற்காலியில் நான், என் கையில் உன் வாத்தியம்.

ஆர்கெஸ்ட்ராவின் புது இசை நடத்துனர் ஹாலரனுக்கு வந்த நாள் முதல் அதன்மேல்தான் கண். "ஒத்த வால்வ வச்சிக்கிட்டு இன்னும் எத்தன நாளைக்கும்மா ஓட்டுவீங்க? எல்லாரும் ரெட்ட வால்வுக்கு மாறியாச்சு" என்றார். கட்டைவிரலில் ஒரே வால்வு என்பதால் அடி 'பி' சுரம் வருமுன் பின்குழாயை இழுத்து வைத்துக்கொள்ள வேண்டும், உனக்குத் தெரியாததா? ஒரு நாளாவது நான் அதைக் கோட்டை விட்டதுண்டா? மாறு, இல்லாவிட்டால் இடத்தைக் காலி செய். இதைத்தான் அவர் சுற்றி வளைத்துச் சொன்னார்.

விடுவேனா? ஆள் எடுக்கும்போது ஊதுகிறவர் முகம் தெரியாமல் திரை கட்டித்தானே கேட்கிறோம், வாத்தியத்துக்கும் கட்டுங்கள் என்றேன். நேற்று கட்டினார்கள். திரைக்குப் பின்னால் உன் பழைய பக்கத்து நாற்காலி டுவைட். உன் பழையதிலும் ரெட்டை வால்வுப் புதியதிலும் ஒரே பகுதியை, முதலில் மெதுவாகவும் பிறகு முழு மூச்சோடும் ஊதினான். எதை முதலில் எடுப்பது என்பது அவன் இஷ்டம். ஹாலரனும் நானும் பால்கனியில் உட்கார்ந்து ஆளுக்கொரு சீட்டில் எழுதினோம்.

இரண்டாவதாக ஊதியபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. நாற்காலி அதிர்கிற அந்தக் கனம்! 'இரண்டாவதுதான் என் அண்ணனுடையது' என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். ஹாலரனைப் பார்த்து ஒரு இளிப்பு வேறு.

திரையை விலக்கினார்கள். டுவைட்டின் கையில் பளபளவென்று புதுசு.

சிரிக்காதே. ஹாலரனும் தப்பாகத்தான் எழுதியிருந்தார். ஆனாலும் மனுஷர் அசரவில்லை. "ரெண்டும் ஒண்ணுதான்னா புதுச ஊதுறதுல உங்களுக்கு என்ன கஷ்டம்?" என்றார். "ரெண்டும் ஒண்ணுதான்னா பழசுல உங்களுக்கு என்ன கஷ்டம்?" என்றேன். டுவைட் திரைக்குப் பின்னால் போய் இருமினான். சனிக்கிழமைக் கச்சேரிக்கு என் நாற்காலியில் புதுசு இருக்கும் என்று சொல்லிவிட்டு ஹாலரன் இறங்கிப் போனார்.

இருக்கட்டும். அதைத் தூக்கித் தரையில் வைத்துவிட்டு உன்னுடையதைத்தான் ஊதப் போகிறேன். வேலை போனால் போகட்டும். அரங்கத்துக்கு வித்தியாசம் தெரியாமல் இருக்கலாம். என் கட்டைவிரலுக்கும் பல்லுக்கும் தெரியும்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. ஏன் ஏமாந்தேன் என்று யோசித்தேன். ஊதுகிறவனுக்குக் கேட்பது வேறு, எதிரே உட்கார்ந்தவனுக்குக் கேட்பது வேறு. இந்த ஒரு வருடமும் நான் அதைப் பின்னாலிருந்தே கேட்டிருக்கிறேன். நீயும் இத்தனை வருடம் அப்படித்தான். உன் வாத்தியத்தை எதிரே உட்கார்ந்து நீ ஒரு தடவைகூடக் கேட்டதில்லை, அண்ணா. ஊதுவதை விட்ட பிறகு நீ இந்த வாசலையே மிதிக்கவில்லை.

சனிக்கிழமை வா. பால்கனியில் நடு இருக்கை உன் பெயரில் இருக்கிறது. வெள்ளிக்கிழமையே வந்தால் மீன் வறுவல் விருந்துக்கும் போகலாம். ஹாலரன் என்னைத் துரத்துவதானால் உன் கண் முன்னால் துரத்தட்டும். உன்னைக் கைவிட்டது உதடுதான். காது இன்னும் உன்னுடையதுதானே?

பனியில் வண்டியை மெதுவாக ஓட்டி வா. ஆனால் வா.

உன் பிடிவாதக்காரத் தங்கை,
பெர்னடீன்