ஒன்பதடித் தண்ணீர்

1864 ஏப்ரல் 11, ஹாலோவே துறை, வட கரோலினா

எல்லாம் நான் முன்பே சொன்னதுதான். ஞாயிற்றுக்கிழமை தேவாலய வாசலில் ஊரே கேட்கச் சொன்னேன், இந்த மிதக்கும் அடுப்பு நம் ஆற்று வளைவைத் தாண்டாது என்று. சிரித்தார்கள். இன்று காலை தாண்டவில்லை.

தண்டவாளத்தைப் பிடுங்கி உடம்பெல்லாம் போர்த்திய தெற்குப் படையின் போர்க்கப்பல். மிதக்க ஏழடித் தண்ணீர் கேட்கும். முகப்பில் நின்று கழியால் ஆழம் பார்த்தவன் நான். மாகாணத்திலேயே என்னை மிஞ்ச ஆளில்லை. ஒன்பதடி என்று கூவினேன். அடுத்த மூச்சில் மணலில் ஏறி உட்கார்ந்தது.

கேப்டன் புரூயட் என் சட்டையைப் பிடித்தார். "யோவ், ஒன்பதடின்னியே?"

"ராத்திரியோட ராத்திரியா மணல் நகந்திருக்குங்க. கன்னுக்குட்டி சைஸ்ல ஒரு கெளுத்தி அடியில கிளறுது. நானே பாத்தேன்."

பீரங்கியருகே நின்ற ஈனாக் தலையைக் குனிந்துகொண்டான். என் தங்கை கெசையாவின் ஒரே மகன். கட்டாயப் படைக்கு இழுத்து வரப்பட்டவன்.

ஏப்ரல் 13

உட்கார முடியவில்லை. மேற்கே மேகம். தண்ணீர் ஒன்றரை அடி ஏறினால் போதும், கப்பல் கிளம்பிவிடும். முகத்துவாரத்தில் வடக்கத்தியரின் பீரங்கிப் படகுகள் காத்திருக்கின்றன.

கெசையா வறுத்த சோளத்தில் போட்ட காப்பியை வைத்தாள். "மழை வருமா அண்ணே?"

"வராது. என் முழங்கால் சொல்லுது."

"போன தடவையும் சொல்லிச்சு. வெள்ளத்துல பன்னி போச்சு."

ஏப்ரல் 14

தூறல். ஆற்றுக்கும் வீட்டுக்கும் நடக்கிறேன். நடந்தால் நின்றுவிடுமா என்ன?

ஏப்ரல் 16

நின்றுவிட்டது. நடந்தது வீண் போகவில்லை.

ஈனாக் கரைக்கு வந்தான். "சண்டைக்குப் போகாம கெடந்தா எங்கள கோழைன்னு சொல்வாங்க மாமா."

"சொல்லட்டும். கேக்கக் காது மிச்சமிருக்குமில்ல? அடிமை வச்சிருக்கிற பண்ணைக்காரன் மவன் ஒருத்தனாவது அந்த அடுப்புக்குள்ள இருக்கானா?"

தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு போய்விட்டான். கோபமோ?

ஏப்ரல் 21

வடக்குப் படை தரைவழியாக வந்துவிட்டது. அவர்கள் கையில் சிக்கக் கூடாதென்று கேப்டனே கப்பலுக்குத் தீ வைத்தார். வெடித்த வெடியில் மூன்று ஊர்ப் புகைபோக்கிகள் சாய்ந்தன. சரி, எங்களுடையது ஒன்றுதான். ஆட்கள் காட்டுக்குள் சிதறினார்களாம். ஈனாக் எங்கே? கெசையா வாசலிலேயே நிற்கிறாள்.

ஏப்ரல் 22

மேசையில் உட்கார்ந்து சோள ரொட்டி தின்கிறான். புருவம் பொசுங்கியிருக்கிறது, வேறொன்றுமில்லை. "அந்தக் கெளுத்திய நானும் ஒருநா பாக்கணும் மாமா" என்கிறான். கெசையா முதுகைக் காட்டி நிற்கிறாள். சிரிக்கிறாளா, அழுகிறாளா?

மணல் நகரவில்லை. அன்று கழி காட்டியது ஐந்தரை அடி.

கெளுத்தி மட்டும் நிஜம்.