ஜாமீன் வேறு, விடுதலை வேறு, முத்து

என் பிரியமான முத்து,

உன்னைக் கொன்றது காட்டுமாடு இல்லை. ஜீப்காரர் ராசு.

இதை நம் தெருவில் சத்தமாகச் சொல்ல ஆள் இல்லை. ஏலக்காய்த் தோட்டத்து வேலை முடிந்து, அந்தச் சாயங்காலம் உன்னோடு சுருளிப்பட்டிக்குத் திரும்பிய பெண்கள் எல்லாரும் போலீசிடம் ஒரே மாதிரி சொல்லிவிட்டார்கள். கம்பம்மெட்டு மலை ரோட்டில் இறங்கும்போது காட்டுமாடு குறுக்கே வந்தது, வண்டி பள்ளத்துக்குள் போனது என்று. மாட்டுக்கு எந்தப் பக்கம் கொம்பு ஒடிந்திருந்தது என்றுகூட ஒருத்தி சொன்னாளாம். மாடே வராத ரோட்டில் கொம்பு மட்டும் எப்படி வந்தது?

பிரேக் பிடிக்கவில்லை. ராசு குதித்துவிட்டான். மற்றவர்கள் அடிபட்டு, சிலர் கை கால் முறிவோடு, பிழைத்தார்கள். நீ பிழைக்கவில்லை.

இங்கே நடப்பதையும் கேள். ராசுவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். உன் காரியம் முடிவதற்குள் ஜாமீனில் வந்துவிட்டான். அவன் வந்த சந்தோஷத்தில் நம் சொந்தக்காரர்களே ஊர் மந்தையில் வெடி போட்டார்கள். உன் அப்பா கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தார். என் அம்மா, உன் சித்தி, வாசலில் நின்று சொன்னாள்: "விடுதலை ஆயிட்டாராம்டி. இனி எதைச் சொல்லி என்ன ஆகப் போகுது?"

விடுதலையாம். ஊரே அப்படித்தான் நம்புகிறது. வெளியே வந்துவிட்டால் கேஸ் முடிந்தது என்று. நீ இருந்திருந்தால் அந்த வாசலிலேயே கையைத் தட்டி ஆரம்பித்திருப்பாய்.

இதை வாசிக்கிறவர்களுக்கு உன்னைத் தெரியாது. அதனால் கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள். நீ உத்தமபாளையத்தில் காலேஜைப் பாதியில் விட்டவள். அங்கே மேடையில் கவிதை சொல்லிப் பழகினாய். தாளைப் பார்த்து வாசிக்கிற கவிதை இல்லை. காலால் தரையை மிதித்து, எதிரே இருப்பவர்களையும் கத்த வைக்கிற கவிதை. தோட்ட வேலைக்கு வந்ததும் மேடை போய்விட்டது. நீ ஜீப்பை மேடையாக்கினாய்; வீட்டுக்கு வந்து என்னிடம் நடித்தும் காட்டுவாய்.

பின்னால் எதிரெதிரே இரண்டு பெஞ்சு. ஜனங்கள் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றாகப் பேசும் சொற்களை இரண்டு பெஞ்சுக்கும் பிரித்துக் கொடுப்பாய். வாடகை ஒரு பெஞ்சு, குத்தகை ஒரு பெஞ்சு. தயவு ஒன்று, உரிமை ஒன்று. மேலே இருக்கும் கம்பியைப் பிடித்து நடுவில் குனிந்து நின்று வரி சொல்வாய். எந்தச் சொல் பொருந்துமோ அந்தப் பெஞ்சு கத்த வேண்டும். தப்பாகக் கத்துகிற பெஞ்சு எல்லாருடைய சோற்றுத் தூக்குகளையும் மடியில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

"மழைக்கு ஒதுங்கக் கூரை கேட்டேன்."

"உரிமை!"

"நனைஞ்ச தலைக்குத் துண்டு குடுத்தான்."

"தயவு!"

"துண்டைக் குடுத்துட்டான், கூரை எங்கடி?"

இதற்கு இரண்டு பெஞ்சும் சேர்ந்து சிரிக்கும். முன் சீட்டில் நெருக்கி உட்காரும் மூன்று பேரில் ஒருத்தி மட்டும் திரும்பிப் பார்த்துச் சொல்வாள்: "ஏடி முத்து, எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்டி. ரெண்டையும் எவனும் குடுத்ததில்ல."

அவளைப் பார்வதி அக்கா என்று வைத்துக்கொள்கிறேன். அது அவள் பெயர் இல்லை. ராசு என்ற பெயரை நான் மாற்றவில்லை.

உன் காரியத்தன்று கொல்லையில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தபோது பார்வதி அக்காதான் என்னிடம் சொன்னாள். அவளாகவே சொன்னாள், நான் கேட்கவில்லை. "அன்னைக்குக் காலையில மேல ஏறுறப்பவே ராசு ஒர்க்ஷாப்புக்குப் போன் போட்டாருடி. பிரேக்க அமுக்குனா உள்ள போகுது, சாயங்காலம் ஆளுகள இறக்கிவிட்டுட்டுக் கொண்டாறேன்னாரு. நான் பக்கத்துலதான இருந்தேன்." சொல்லிவிட்டுச் சாம்பல் கையோடு அழுதாள்.

உன் அப்பா மனுமேல் மனு கொடுத்ததில், திங்கட்கிழமை ஸ்டேஷனில் மறுபடியும் விசாரிக்கிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். அந்தப் போன் பேச்சைக் கேட்டவள் வந்து சொன்னால் கேஸ் நிற்கும். இல்லையென்றால் காட்டுமாடுதான். நான் அந்த ஜீப்பில் இல்லை. என் பேச்சு அங்கே செல்லாது.

அதனால் ஜவுளிக்கடை வேலையை விட்டுவிட்டுத் தோட்டத்துக்குப் போகிறேன். ஆமாம், ராசு வண்டியில். வேறு ஜீப், அதே ஆள், அதே நெருக்கம். மேலே போக நம் பெண்களுக்கு வேறு வண்டி இல்லை என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும்.

செக்போஸ்ட் வழக்கமும் மாறவில்லை. வளைவுக்கு முன்னாலேயே வண்டியை நிறுத்துகிறான். பாதிப் பேர் இறங்கிக் குறுக்குப் பாதையில் நடக்க வேண்டும். அனுமதித்த கணக்குக்குத்தான் ஆள் ஏற்றிய மாதிரி ஜீப் நல்ல பிள்ளையாகச் செக்போஸ்ட்டைத் தாண்டும். அந்தப் பக்கம் போய் எல்லாரும் மறுபடி ஏறிக்கொள்ள வேண்டும். அவன் வசதிக்கு அவன் பழக்கியது. இப்போது அதை வைத்தே மிரட்டுகிறான்.

"சாட்சி சொல்லப் போறேன்னு எவளாச்சும் கெளம்புனா, அவளையும் சேத்துத்தான் கூண்டுல ஏத்துவாக. செக்போஸ்ட்ட ஏமாத்தி நடந்தது யாரு? நானா நடந்தேன்?"

பெண்கள் இதை அப்படியே நம்பிவிட்டார்கள். ஸ்டேஷன் படி ஏறினாலே குற்றவாளி என்று நினைக்கிறார்கள். பார்வதி அக்காவும் இப்போது, "மாடு வந்துச்சுல்லடி," என்கிறாள். என் முகத்தைப் பார்க்காமல் சொல்கிறாள்.

நேற்றுக் காலை நான் எழுந்து நின்றேன், முத்து. உன்னைப் போல எனக்கு வராது. உன்னை மாதிரியே மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டேன். "இந்தப் பெஞ்சு சாட்சி. அந்தப் பெஞ்சு குற்றவாளி," என்றேன். யாரும் நிமிரவில்லை.

"ஓடுற வண்டியில எல்லாரையும் விட்டுட்டு ஒருத்தன் குதிச்சான்."

பிறகு வலது பெஞ்சின் ஓரத்திலிருந்து மெதுவாக: "குற்றவாளி."

"பக்கத்துல இருந்தவ காதுல ஒரு பேச்சு விழுந்துச்சு."

"சாட்சி," என்றாள் செல்லம்மா மதினி. அன்றைக்கு அடிபட்ட கையில் இன்னும் கட்டுப் போட்டிருக்கிறாள்.

எனக்குத் தைரியம் வந்துவிட்டது. பெஞ்சுகளை மாற்றினேன். இடது ஜாமீன், வலது விடுதலை.

"வீட்டுக்கு வந்தான், கேசு அங்கனயே கெடக்கு!"

"ஜாமீன்!" இந்தத் தடவை நாலைந்து குரல்.

ராசு கண்ணாடியில் பார்த்தான். "ஏத்தா, இது ஜீப்பா, நாடகக் கொட்டகையா? உக்காரு. இல்ல, இங்கனயே எறங்கு."

"முன்னால பாத்து ஓட்டுங்கண்ணே," என்றாள் செல்லம்மா மதினி. "இன்னொரு மாடு வந்துறப் போகுது."

ஒருத்தி சிரித்தாள். உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். அதற்குள் இன்னொருத்தி கேட்டாள்: "அப்ப, செக்போஸ்ட்டுக்கு எறங்கி நடக்கோமே, நாம எந்தப் பெஞ்சு?"

நீ என்ன சொல்லியிருப்பாய்? வரி வைத்திருப்பாயா? "எறங்கச் சொன்னவனும் எறங்குனவளும் ஒரே பெஞ்சு இல்லக்கா," என்றேன். அது சரியான பதில்தானா? எனக்கு இன்னும் தெரியவில்லை. ஒரு வக்கீலிடம் கேட்க வேண்டும். பயப்படுகிறவளிடம் பயப்படாதே என்று சொல்வதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டாமா?

வளைவில் வண்டி நின்றது. இறங்கினோம். குறுக்குப் பாதையில் பார்வதி அக்கா எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தாள்.

"அக்கா, கேட்டத மட்டும் சொல்லு. கூடவும் வேணாம், கொறைக்கவும் வேணாம்."

"நாளப்பின்ன எந்த வண்டியிலடி நான் ஏறுவேன்? எம் பிள்ளைக மூணும் எந்த வயித்தோட படுக்கும்?" திரும்பாமலே கேட்டாள். "செத்தவளுக்கு நீ இருக்க. எனக்கு யாரு இருக்கா?"

முத்து, அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதினால் அது பொய். கோபம் இருக்கிறது. ஆனால் அவளைப் பேச முடியாமல் வைத்திருக்கிறவர்கள்மேல் இருக்கிற கோபம் பெரியது. ராசு ஒருத்தன் இல்லை. கூலியாட்கள் எப்படி வந்து சேர்ந்தாலும் சரி என்று இருக்கிற தோட்டக்காரர்கள், செக்போஸ்ட்டில் எண்ணிப் பார்க்காமல் கையைக் காட்டி வண்டியை அனுப்புகிறவர்கள், வெடி போட்ட நம் சொந்தக்காரர்கள். இவர்களில் யாருக்காவது நீ செத்ததால் ஒரு நாள் தூக்கம் கெட்டதா?

ஒன்று உறுதியாகச் சொல்கிறேன். திங்கட்கிழமை உன் அப்பாவோடு நான் ஸ்டேஷன் படி ஏறுவேன். என் பேச்சை எழுதிக்கொள்ள மாட்டார்கள் என்றாலும் ஏறுவேன். அதுவரை தினமும் அந்த ஜீப்பில் போவேன். இறக்கிவிட்டால் மறுநாளும் வந்து ஏறுவேன். பார்வதி அக்கா வந்தால் அவள் கையைப் பிடித்துக் கூட்டிப் போவேன். அவளுக்கு வேறு வண்டியும் வேறு வேலையும் தேடுவது என் பொறுப்பு.

இன்று காலையும் எழுந்து நின்றேன். பெஞ்சு பிரிக்கவில்லை. வரி எதுவும் கட்டவில்லை. முன் சீட்டைப் பார்த்து, ராசுவின் காதிலும் விழட்டும் என்று கேட்டேன்:

"அன்னைக்குக் காலையில போன்ல என்ன பேச்சு நடந்துச்சு? கேட்டவ யாரா இருந்தாலும் சரி, வாயத் தொறந்து சொல்லு."

முன் சீட்டில் மூன்று தலைகளும் ரோட்டைப் பார்த்தபடியே இருந்தன.

உன் சித்தி மகள்,
காமாட்சி