பெல்ட்டின் உள்பக்கம்

மேடம்,

சனிக்கிழமை காலை கிள்ளான் மேரு சாலையில், பழைய கார் விற்கும் ஓர் இடத்தில், பெட்ரோலிலும் பேட்டரியிலும் ஓடுகிற ஒரு ஹைபிரிட் காரின் கதவைத் திறந்தேன். பண்டான் இலை வாசனை முகத்தில் அடித்தது. பின் கண்ணாடியோரம் ஒரு கட்டு இலையை முடிச்சுப் போட்டு வைத்திருந்தார்கள். உடனே உன் குரல் கேட்டது. “வாசனை ஜாஸ்தியா இருந்தா எதையோ மறைக்கிறாங்கன்னு அர்த்தம். காரா இருந்தாலும் சரி, மாப்பிள்ளையா இருந்தாலும் சரி.”

என் கை தானாகப் போய் சீட் பெல்ட்டைப் பிடித்து, அது முடிகிற வரைக்கும் இழுத்தது.

“அக்கா, பெல்ட்ட தனியா விக்கிறதில்லக்கா. காரோட சேர்த்துதான்,” என்றார் விற்பவர். நெற்றியில் விபூதி, காதில் ப்ளூடூத். மேலேயும் கீழேயும் தொடர்பில் இருக்கிற மனிதர்.

சேறு இல்லை. விட்டேன், பெல்ட் சுருண்டு உள்ளே போனது. எனக்குத்தான் என்னவோ போல் ஆகிவிட்டது.

இந்த வித்தை உன்னுடையதுதானே. கிள்ளானில் வெள்ளம் ஏறி இறங்கிய வருஷம், பிரிக்பீல்ட்ஸில் உன் இன்சூரன்ஸ் ஆபீஸ் மேசை முழுக்க முழுகிப்போன கார்களின் படங்கள். “சீட்டைக் கழுவுவாங்க, கார்ப்பெட்ட மாத்துவாங்க. பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்துக் கழுவுற பொறுமை எவனுக்கும் கிடையாதுடி. சேறு அங்கதான் உக்காந்திருக்கும்,” என்றாய். லைசென்ஸ் பரீட்சையில் நான்கு முறை தோற்றவள் நீ. ஆனால் காரைப் பற்றி உனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. ஓட்டத் தெரிந்த எனக்கோ, பெட்ரோல் மூடி எந்தப் பக்கம் என்று இன்றைக்கும் இறங்கிப் பார்த்தால்தான் தெரியும்.

அதனால்தான் அந்தப் பட்டங்கள். நான் டிரைவரம்மா, நீ மேடம். உன் ஆபீசுக்கு இரண்டு கட்டடம் தள்ளி வக்கீல் ஆபீசில் டைப் அடிக்கிற எனக்கு, பதினோரு வருஷம் தினமும் ஒரு மேடத்தை ஏற்றி இறக்குகிற பாக்கியம். ஷா ஆலம் தாண்டுவதற்குள் யாராவது ஒருத்தியின் கல்யாணத்தை முறிப்பாய், சுங்கை வே வருவதற்குள் சேர்த்தும் வைப்பாய். “உன் கார் பாதி பெட்ரோல்ல ஓடுது, பாதி என் வாயில ஓடுது,” என்பாய். நம் ஊருக்கு ஹைபிரிட் வருவதற்கு முன்பே நான் ஒன்று வைத்திருந்தேன்.

வழியில் பத்து தீகா நெரிசலில் உன் மடியில் நாசி லெமாக் பொட்டலம் திறக்கும், தேங்காய்ப்பால் சோறும் சிவப்பு மிளகாய்ச் சம்பலும். எனக்கும் ஊட்டுவாய். டிரைவருக்குச் சோறு போடுவது மேடத்தின் கடமையாம். நான் கத்துவேன்: “சீட்ல சிந்தாதடி, சம்பல் கறை போகாது.” நீ சத்தியம் செய்வாய்: “ஒரு சொட்டு சிந்தினா என் பேர மாத்திக்கிறேன்.” இறங்கும்போது சீட்டைத் தடவிப் பார்ப்பேன். சுத்தமாகத்தான் இருக்கும். ஒரு டிஷ்யூ கூடக் கையில் இல்லாமல் எப்படி என்று எனக்கு அப்போதே சந்தேகம்.

எட்டு மாதத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை வழக்கம்போல் உன் வாசலில் ஹார்ன் அடித்தேன். உன் தங்கைதான் வெளியே வந்தாள், நீ இனி வரமாட்டாய் என்று சொல்ல.

அதற்குப் பிறகு உன் சீட்டில் என் கைப்பைதான் உட்கார்ந்து வருகிறது. வண்டி உன் சந்துக்கிட்டே வந்தால் இன்னும் தானாக மெதுவாகிறது. பின்னால் வருகிறவன் திட்டுகிறான். கொமுட்டர் ரயிலில் போயேன் என்று கேட்பாய். போனேன், இரண்டு வாரம், பெண்கள் பெட்டியில். பெட்டி நிறையப் பெண்கள், ஒரு வதந்தி கிடையாது. எல்லாரும் போனைப் பார்க்கிறார்கள். மூன்றாவது வாரம் மறுபடி காரையே எடுத்தேன்.

மகள்தான் ஆரம்பித்தாள். “ம்மா, உங்க கார் ஜேம்ல நின்னுக்கிட்டே பெட்ரோல் குடிக்குது. ஹைபிரிட்னா நிக்கிறப்ப இன்ஜின் ஆஃப் ஆயிடும் லா. பழையதைக் குடுத்திட்டு மாத்துங்க.” சொன்னது நியாயம். பழையது என்று அவள் சொன்னது உன் சீட்டையும் சேர்த்து.

சரி, சனிக்கிழமைக்கு வருகிறேன். “யாருக்கா ஓட்டினது தெரியுமா? ஒரு லேடி டாக்டர்,” என்றார் விபூதிக்காரர். இந்த நாட்டில் விற்பனைக்கு வருகிற எல்லாக் காரையும் ஒரே லேடி டாக்டர்தான் ஓட்டியிருக்கிறாள் என்று நீ சொல்வாயே, அவளேதான். பின்சீட் ஓரத்தில், பேட்டரிக்குக் காற்றுப் போகிற துவாரத்தில் விரலை விட்டேன். பூனை முடி வந்தது. நீ இருந்திருந்தால் அந்த முடியை வைத்தே டாக்டரம்மாவுக்கு ஒரு விவாகரத்து வாங்கிக் கொடுத்திருப்பாய்.

“பேட்டரி போச்சுன்னா?” என்றேன்.

“செக் பண்ணின பேப்பர் இருக்குக்கா. படிச்சுப் பாருங்க. ஆனா சொல்லிடறேன், மாத்தறதுன்னா வலிக்கும்.”

உண்மை பேசுகிற பழைய கார்க்காரர். எனக்கு அதுவே பயமாக இருந்தது.

ஓட்டிப் பார்க்க உட்கார்ந்தேன். பொத்தானை அழுத்தினேன், சத்தமில்லை. மறுபடி அழுத்தினேன். “ஸ்டார்ட் ஆயிருச்சுக்கா. இப்ப நீங்க ஆஃப் பண்ணிட்டீங்க,” என்றார். மூன்றாவது முறை சத்தமில்லாமலே கிளம்பினோம். சிக்னலில் நின்றதும் இருந்த கொஞ்ச முனகலும் அடங்கிவிட்டது. என் பழைய காரில் அந்த மாதிரி அமைதி ஒரு நாளும் இருந்ததில்லை. இன்ஜின் இரையும், இல்லாவிட்டால் நீ. இடது பக்கத்து சீட்டைத் திரும்பிப் பார்த்தேன். விபூதிக்காரர் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“ஏதாவது பேசுங்களேன்,” என்றேன்.

அவர் பாவம், வாரண்டியைப் பற்றிப் பேசினார்.

திரும்பி வந்ததும் என் காருக்கு விலை போடப் பார்த்தார். பானட்டைத் திறந்தார், டயரை உதைத்தார். பிறகு, மேடம், அவரும் பெல்ட்டை இழுத்தார். பின்னால் இரண்டும் சுத்தம். என்னுடையது சுத்தம். உன் பக்கத்து பெல்ட்டை முழுக்க இழுத்துத் திருப்பிப் பார்த்தவர் அப்படியே நின்றார்.

“அக்கா, மறைக்காம சொல்லுங்க. இது தண்ணியில நின்ன காரா?”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. என் வீடு மேட்டில் இருக்கிறது என்று சண்டைக்குப் போனேன். அவர் பெல்ட்டை நீட்டினார். உள்பக்கம், உடம்போடு ஒட்டுகிற பக்கம், பழுப்பும் சிவப்புமாகக் கறை. சேறு இப்படிக் கோடு கோடாக இருக்காது. மூன்று விரல். பக்கத்தில் இன்னும் மூன்று. மேலே, கீழே, ஒன்றின்மேல் ஒன்றாக, பதினோரு வருஷத்து விரல்கள்.

திருடி. ஊரான் பெல்ட்டையெல்லாம் இழுத்துப் பார்த்தவள், உன் கையை என் பெல்ட்டின் பின்னால் துடைத்திருக்கிறாய். பெயரை மாற்றிக்கொள்ளாமலே போய்விட்டாய்.

நான் சிரிக்க ஆரம்பித்து, அது வேறு எங்கேயோ போய் நின்றது. விபூதிக்காரர் ஓடிப்போய் ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுவந்தார்.

“வெள்ளமில்ல தம்பி. சம்பல். என் மேடம்.”

அவர் பெல்ட்டை மூக்கிடம் கொண்டுபோய் முகர்ந்தார். “ஆமாக்கா,” என்றார் மெதுவாக. “பெல்ட்ட மாத்திதான் விக்கணும். நீங்க நாளைக்கு யோசிச்சு சொல்லுங்க. அதுவரைக்கும் அந்த ஹைபிரிட்ட வேற யாருக்கும் காட்டல.”

ஞாயிறு மத்தியானம் வீட்டு வாசலில் நின்ற காரில் உன் சீட்டில் போய் உட்கார்ந்தேன். என் காரில் அந்தப் பக்கம் நான் உட்கார்ந்ததே இல்லை. பெல்ட்டை மாட்டிக்கொண்டேன். என் உடம்புக்கும் சரியாகத்தான் இருந்தது, நீ என்னைக் குண்டு என்று சொன்னது பொய் என்பதற்கு இதையும் ஒரு சாட்சியாக வைத்துக்கொள். அங்கிருந்து பார்த்தால் காலியாக இருந்தது என் சீட். பதினோரு வருஷம் நீ பார்த்துக்கொண்டு வந்தது அதைத்தான்: ஸ்டியரிங்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்து சோற்றுக்குக் காத்திருந்த ஒருத்தியை. எத்தனை நேரம் உட்கார்ந்திருந்தேனோ, மகள் கண்ணாடியைத் தட்டி, “ம்மா, யாரு ஓட்டப் போறாங்க?” என்றாள்.

இறங்கிப் போய் விபூதிக்காரருக்குப் போன் செய்தேன். வாங்கிக்கொள்கிறேன் என்றேன். பெல்ட்டைக் கேட்க வாய் வரை வந்தது, கேட்கவில்லை. அதை வீட்டில் எங்கே மாட்டுவேன்? நீயே சிரிப்பாய்.

இன்று காலை புதுப் பழைய காரில் முதல் நாள். வழியில் ஒரு பொட்டலம் நாசி லெமாக் வாங்கினேன். உன் சந்துக்கிட்டே வண்டி மெதுவானது. இந்தக் காருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியவில்லை. பத்து தீகாவில் நெரிசல் அப்படியே நின்றது, இன்ஜின் அடங்கியது. அந்த அமைதியில் பொட்டலத்தைப் பிரித்து ஒரு வாய் போட்டுக்கொண்டு, எட்டு மாதச் செய்திகளைச் சொல்ல ஆரம்பித்தேன். உன் மேனேஜர் ரிட்டையர் ஆனது, வக்கீலின் இரண்டாவது கல்யாணம், எல்லாம். பக்கத்து லோரிக்காரன் என்னையே பார்த்தான். ஹேண்ட்ஸ்ஃப்ரீயில் பேசுகிறேன் என்று நினைத்திருப்பான்.

விரலெல்லாம் சம்பல். முன்னால் வண்டிகள் நகர ஆரம்பித்தன. டிஷ்யூ இருந்தது, கைக்கெட்டுகிற தூரத்திலேயே. என் பெல்ட்டைக் கொஞ்சம் திருப்பி, உள்பக்கத்தில் மூன்று விரலையும் துடைத்தேன்.

இதையும் ஒரு நாள் யாராவது கடைசி வரைக்கும் இழுத்துப் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

உன்
டிரைவரம்மா